பக்கச்சுவரில் எழுதியது

ஏழு மணி வரை மூடுபனி.
அட்லாண்டிக்கிலிருந்து அறுபது கிலோமீட்டர் நடந்து வந்து
நமீபியச் சுரங்கத்தின் வாயில் படுத்துக்கொள்கிறது.
விளக்கடித்தால் வெள்ளைதான் தெரிகிறது.
கௌனாபாவா கையுறையைக் கழற்றி
தன்னைப்போல் இரண்டு ஆள் உயர டயரை
விரலால் வாசிக்கிறாள்.

மேடாக எழும்பிய ரப்பர்:
முதலில் ஈ. ஒரு சிறு கோடு. பிறகு நான்கு.

ஈ, பறப்பதல்ல.
மண்ணைச் சுமந்துகொண்டு ஓடுவது.
எல் அதிகம் ஓடாது; முட்டும், அள்ளும், திரும்பும்.
ஜி, பாதையைச் சீவிச் சமன்செய்யும் கிரேடருக்கு.
சி, மண்ணை அழுத்தும் உருளைக்கு.
இங்கே அது ஒன்றே ஒன்று,
அதுவும் ஏப்ரலிலிருந்து பழுது.

எண், காலுக்குக் கீழே இருப்பதைப் பற்றியது.
இரண்டு சேற்றைப் பிடிக்கும்
(இந்தப் பாலையில் சேற்றை யார் கண்டார்,
தண்ணீர் லாரி கவிழ்ந்த அன்றைத் தவிர).
மூன்று, பாறைக்கு.
நான்கும் பாறைக்கே, பள்ளம் ஒன்றரைப் பங்கு ஆழம்.
ஐந்து, இரண்டரைப் பங்கு.
பின்னால் எஸ் ஒட்டியிருந்தால் பிறவி வழுக்கை,
கூரிய கல்லுக்குப் பிடிகொடுக்காது.
ஏழு, மணலில் மிதக்க.
ஆறு எங்கே என்று ஹிஸ்கியா ஒருமுறை கேட்டான்.
சாப்பிடப் போயிருக்கிறது என்றாள்.

ஹிஸ்கியா கிடங்குக்காரன். கணக்கில் புலி.
"நான்கு, மூன்றைவிடப் பெரியதுதானே?
தடித்த தோல், நீண்ட ஆயுள்."

நவம்பரில் கழிவுக் குவியலைத் தள்ளிவைத்தார்கள்,
பதினோரு கிலோமீட்டர்.
ஏற்றிக்கொண்டு ஓட்டம், கொட்டிவிட்டு ஓட்டம்,
டீசல் குடிக்கும் நேரம் மட்டும் நிற்பது.
தடித்த ரப்பர் உள்ளே ஏறிய சூட்டை
எளிதில் வெளியே விடாது.
இதைத் தாளில் எழுதிக் கொடுத்தாள்.
இன்னொரு தாளிலும்.
இரண்டும் ஹிஸ்கியாவின் மேசையில்
தேநீர்க் கோப்பைக்கு அடியில் வட்டம் வாங்கின.

பதினேழாம் எண் டிரக்கின் பின்சக்கரம்
பிற்பகல் மூன்றரைக்கு நாறத் தொடங்கியது.
வெடிக்கவில்லை.
வெடித்திருந்தால் இந்த வரிகள்
வேறு தொனியில் இருந்திருக்கும்.
தோல் மட்டும் உரிந்து
பாதையின் குறுக்கே ஒரு முதலை நீளத்துக்குக் கிடந்தது.
ஓட்டுநர் காரிசெப் இறங்கி ஓடினான்,
நானூறு அடி தள்ளி நின்றான்,
பிறகு சிரித்தான், நிறுத்த முடியாமல்.

சூடு தணிய அடுத்த நாள் ஆயிற்று.
அவள் கிட்டே போனாள்.
பக்கச்சுவரில் ஈ-4,
அச்சிட்ட அன்று போலவே, ஒரு கீறலில்லை.
தோல் போனபின்னும் பெயர் இருக்கிறது.
பிறந்த கதையைத்தான் அது சொல்லும்;
தேய்ந்த கதைக்கு
பள்ளத்தில் குச்சி விட்டு அளக்க வேண்டும்,
அளக்க இங்கே பள்ளமே இல்லை.

ஹிஸ்கியா மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
அடுத்த வாரம் மூன்றுகள் வந்து இறங்கின.
மிச்சமிருந்த நான்குகள் குழிக்குள்,
குறுகிய தூரத்து வண்டிகளுக்குப் போயின.
படிவத்தில் 'காரணம்' என்ற கட்டத்துக்குள்
அவள் எழுதிய வாக்கியம், ஒரு சொல் மாறாமல்,
அவன் கையெழுத்தில்.
அவள் படித்தாள். எழுத்துப் பிழை ஒன்றைத் திருத்தினாள்.

ஞாயிறு, உசாகோஸ் சாலையோரப் பண்ணை.
கிறிஸ்துமஸுக்கு ஓர் ஆடு வாங்கப் போனாள்.
முள்வேலியோரம் பாதியாய் அறுத்த ராட்சத டயர்,
நிறையத் தண்ணீர்.
நான்கு ஆடுகள் மூக்கு நனைத்து நின்றன.
அவள் குந்தி உட்கார்ந்தாள்.
உப்புப் படிந்த சுவரில் எல் தெரிந்தது,
கோடு தெரிந்தது,
எண் தெரியவில்லை.
நகத்தால் சுரண்டத் தொடங்கினாள்.

"ஆடு இந்தப் பக்கம் இருக்கிறது, அம்மா"
என்றார் பண்ணைக்காரர்.